அக்டோபரில் கிரீட் தீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவுக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை அக்டோபர் தொடக்கத்தில். இரண்டாம் முறை அக்டோபர் கடைசி வாரம் போய், நவம்பர் முதல் வாரம் வரை இருந்தேன். அதிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

எல்லாரும் கோடையில்தானே போகிறார்கள். அக்டோபரில் போய் என்ன பார்ப்பது?

ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்ற காற்று நாள்கணக்கில் வீசும். கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேடவேண்டும். அக்டோபரில் பகல் வெப்பம் 24 டிகிரி வாக்கில் இருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதுவும் 23 டிகிரியை ஒட்டியே இருக்கும். இதெல்லாம் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும் விவரம்.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. கிரீட்டில் ஓட்டல், உணவகம், படகு என்று கோடையில் உழைப்பவர்களில் பலருக்குச் சொந்தமாக ஆலிவ் மரங்களோ திராட்சைக் கொடியோ இருக்கும். ஆகஸ்டில் அவர் உங்களுக்குத் தட்டு கொண்டுவந்து வைப்பவர். அக்டோபர் கடைசியில் அதே ஆள் மண் ஒட்டிய காலணியோடு காபிக் கடையில் உட்கார்ந்து, மழை வருமா, எண்ணெய் என்ன விலை போகும் என்று பேசிக்கொண்டிருப்பார். தீவு விருந்தாளிகளை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்புகிற நேரம் அது. அதை எட்டிப் பார்க்கப் பிடிக்கும் என்றால் போங்கள். கடற்கரை மட்டும் போதும் என்றால் செப்டம்பரே மேல்.

அக்டோபர் என்றால் எந்தத் தேதி?

இதுதான் உண்மையான கேள்வி. ஆனால் யாரும் முதலில் இதைக் கேட்பதில்லை. விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த தேதியை எடுத்துக்கொண்டு வந்துதான் கேட்கிறார்கள்.

கிரீட்டின் சுற்றுலா ஒரே நாளில் மூடப்படுவதில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்குவதுபோல் வரிசையாக மூடும். அந்த வரிசை தெரிந்தால் போதும். முதலில் போவது அக்கம்பக்கத் தீவுகளுக்கான வேகப் படகுகள். அக்டோபர் நடுவிலிருந்து ஒதுக்குப்புறக் கடற்கரைகளில் குடையும் சாய்வு நாற்காலியும் காணாமல் போகும். கூடவே அங்கிருந்த சின்ன உணவகமும் பூட்டிக்கொள்ளும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதையொட்டி ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராக வரும் பெரும்பாலான விமானங்கள் நின்றுவிடும். 31ஆம் தேதியோடு, நடைப்பயணிகள் போகும் சமாரியா பள்ளத்தாக்கு மூடும். நவம்பர் 1 முதல் தொல்லியல் தளங்களுக்குக் குளிர்கால நேரம், பேருந்துகளும் குறைந்துவிடும்.

ஆக, கடலும் நடையும் வேண்டுமென்றால் அக்டோபர் 1 முதல் 20க்குள் போய்வாருங்கள். ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயம் காய்ச்சுவதும் ஆலிவ் பறிப்பதும் பார்க்கவேண்டுமென்றால் அக்டோபர் 25க்கு மேல். இரண்டும் வேண்டும் என்று நடுவில் 18ஆம் தேதி வாக்கில் போய், இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். அவர் இன்னமும் என்னைத்தான் குறை சொல்கிறார்.

மழை பெய்து எல்லாம் கெட்டுவிடாதா?

பெய்யும். கெடாது. ஐந்து மாதம் கிட்டத்தட்டச் சொட்டு மழையில்லாமல் காய்ந்து கிடந்த தீவுக்கு அக்டோபரில்தான் முதல் மழை வருகிறது. மாதம் முழுவதற்கும் சராசரியாக ஐந்தாறு நாள் மழை இருக்கலாம். நம்மூர் ஐப்பசி அடைமழையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டு மணி நேரம் இடித்துப் பெய்துவிட்டு, மத்தியானம் பளிச்சென்று வெளுத்துவிடும் ரகம். மேற்கே ஹானியா நகரின் பக்கம் மழை கூடுதல். கிழக்கும் தென்கிழக்கும் உலர்ந்த பகுதிகள்.

ஆனால் எப்போதும் சாதுவாகவே இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். 2022 அக்டோபரில் தீவின் தலைநகரான இராக்லியோ அருகே ஆயியா பெலாயியா என்ற கடலோர ஊரில் திடீர் வெள்ளம் கார்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. வறண்ட ஓடைப்பாதையில் காரை நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் அபாய எச்சரிக்கை அலறினால், கிரேக்க எழுத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும் இருக்கும், படித்துவிடுங்கள்.

முதல் மழைக்கு ஓர் அழகும் உண்டு. வெந்துபோன பழுப்பு மண்ணில் ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும், பாறை இடுக்குகளில் காட்டுச் சைக்ளமன் பூக்கும். ஊர்க்காரர்கள் பையும் கத்தியுமாகக் கீரை பறிக்கக் கிளம்புவார்கள். மழை விட்ட ராத்திரியில் டார்ச் விளக்கோடு நத்தை பொறுக்கவும் போவார்கள். அங்கே நத்தை வீட்டுச் சாப்பாடு.

கடலில் குளிக்க முடியுமா?

தாராளமாக. தென்கரையில் மாதக் கடைசி வரைக்கும் குளிக்கலாம். தெற்கே இருப்பது லிபியக் கடல். வடக்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று காற்றை மறைப்பதால், பாலியோஹோரா, சூயா, லூத்ரோ, ப்ளாகியாஸ் போன்ற ஊர்களில் வெயில் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். வடகரையில் காற்றடிக்கும் நாளில் அலை முரட்டுத்தனமாக இருக்கும். இன்னொன்று, இந்தப் பருவத்தில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்காதீர்கள்.

இளஞ்சிவப்பு மணலுக்குப் பெயர்போன எலஃபோனிசியை அக்டோபர் தொடக்கத்தில் பார்த்தபோதும் கூட்டம் இருந்தது. காலை ஒன்பதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அது ஓர் இடம். பதினோரு மணிக்குப் போனால் அது வேறு இடம்.

விசா எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளாவது மிச்சம் இருக்கவேண்டும். அக்டோபர் பயணத்துக்கு ஜூலையிலேயே நாள் குறித்துவிடுங்கள். கோடையில் விண்ணப்ப மையத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2025 அக்டோபர் 12 முதல், எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துப் பதியும் புதிய முறையை ஷெங்கன் நாடுகள் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கின. ஏதென்ஸில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக ஏதென்ஸ். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானத்தில் இராக்லியோ அல்லது ஹானியா. இந்த உள்நாட்டு விமானங்கள் ஆண்டு முழுக்க உண்டு.

நான் சிபாரிசு செய்வது கப்பல். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, விடியலில் கிரீட்டில் இறக்கிவிடும். மொட்டைமாடி அளவுக்குத் திறந்த மேல்தளம், உள்ளே கட்டில் போட்ட அறை, லாரி ஓட்டுநர்களோடு சாப்பாடு. ஒரு ராத்திரி ஓட்டல் செலவும் மிச்சம். இதுவும் வருடம் முழுக்க ஓடும். ஒரே ஆபத்து காற்று. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வீசினால் துறைமுக அதிகாரிகள் 'அபகோரெஃப்திகோ' என்ற தடை ஆணை போட்டுக் கப்பல்களைக் கட்டிவைத்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கப்பலில் வந்து அதே நாளில் பன்னாட்டு விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

எந்த ஊரில் தங்குவது?

தீவு நீளவாக்கில் சுமார் 260 கிலோமீட்டர். மத்தியதரைக் கடலில் ஐந்தாவது பெரிய தீவு. ஒரே ஊரில் அறை எடுத்து எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று வரைபடம் உங்களை ஏமாற்றும். நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் என்று தெரிவது மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரமாகும்.

இந்தப் பருவத்துக்கு என் விதி ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடம் உள்ள ஊரில் தங்குங்கள். அதாவது, சுற்றுலா போனாலும் ஊர் ஊராகவே இருக்கும் இடம். ஹானியா, ரெதிம்னோ, இராக்லியோ, கிழக்கே சித்தியா, தென்கிழக்கே இயராபெத்ரா. இங்கெல்லாம் நவம்பரிலும் ரொட்டிக்கடை திறக்கும், சந்தை கூடும், உணவகத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

நான் சொல்வது பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் பயணத்தில், விலை பாதி என்று, இராக்லியோவுக்குக் கிழக்கே ஒரு ரிசார்ட் ஊரில் நவம்பர் 2ஆம் தேதிக்கு அறை பதிவு செய்தேன். ஓட்டல் திறந்திருந்தது. ஓட்டலைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருந்தது. தெரு நெடுக நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து பெட்ரோல் பங்கில் வாங்கிய பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் இரவுச் சாப்பாடு. துணைக்கு மூன்று பூனைகள். மறுநாள் காலை பேருந்து ஏறி ரெதிம்னோவுக்கு வந்துவிட்டேன்.

ஹானியாவா, இராக்லியோவா?

அழகுக்கு ஹானியா. வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகம், கலங்கரை விளக்கம், சந்து சந்தாகப் பழைய ஊர். இராக்லியோ பார்த்தவுடன் மனதைக் கவராது. கான்கிரீட்டும் நெரிசலும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் கிரீட்டின் வரலாறு அங்கேதான் கெட்டியாக இருக்கிறது. அந்த ஊரை ஒட்டோமான் படை 1648 முதல் 1669 வரை 21 வருடம் முற்றுகையிட்டது. அதைத் தாங்கிய மதில் இன்னும் நிற்கிறது, மேலே ஏறி நடக்கலாம். மதிலின் தென்முனைக் கொத்தளத்தில் எழுத்தாளர் நிகோஸ் கசன்சாகிஸின் கல்லறை இருக்கிறது: ஒரு கல், ஒரு மரச் சிலுவை. சாயங்காலம் போனால் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஹானியாவின் படகுத்துறையைவிட அந்த இடம் பிடித்தது. இரண்டுக்கும் நடுவே ரெதிம்னோ. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அதுவே தோது.

கார் எடுக்கவேண்டுமா?

வடகரை நகரங்களுக்கு நடுவே பேருந்து நன்றாகவே ஓடுகிறது. 'க்தெல்' என்று கேட்டால் நிலையத்தைக் காட்டுவார்கள். இராக்லியோவிலிருந்து ஹானியாவுக்குச் சுமார் 140 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில் கிடையாது. மலைக்கிராமங்கள், தென்கரை என்றால் கார் இருந்தால்தான் நல்லது, அதுவும் மாதக் கடைசியில்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகும் வண்டி வலது ஓரக் கோட்டைத் தாண்டிப் பாதி ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவது அங்கே எழுதப்படாத வழக்கம். நீங்கள் ஒதுங்காமல் நடுவில் போனால், பின்னால் ஒரு பிக்கப் வண்டி உங்கள் டிக்கியை முகர்ந்துகொண்டே வரும்.

கோடை முழுக்கத் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்த சாலை, முதல் மழையில் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். மழை தொடங்கிய முதல் அரைமணி நேரம் ஓரமாக நிறுத்திக் காபி குடியுங்கள். அப்புறம் கைப்பேசி வரைபடம் 'குறுக்குவழி' என்று காட்டுவது பல நேரம் ஆட்டுப்பாதை. மண்சாலையில் டயருக்கோ அடிப்பாகத்துக்கோ சேதம் வந்தால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு கைகொடுக்காது.

சமாரியா பள்ளத்தாக்கை நடக்க முடியுமா?

மே 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும் என்பது கணக்கு. ஆனால் மழை வந்தால், வரும் என்று தெரிந்தாலும்கூட, அன்றைக்கு மூடிவிடுவார்கள். கல் உருளும், ஓடையில் நீர் ஏறும். அவர்கள் சொல்வது சரிதான். ஆகவே அதற்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்காமல், பக்கத்தில் இன்னொரு நாளையும் காலியாக வைத்திருங்கள். நான் போன முதல் நாள் மூடியிருந்தது, மறுநாள் நடந்தேன்.

சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் க்சிலோஸ்கலோ என்ற இடத்தில் தொடங்கி, லிபியக் கடலோரம் ஆயியா ரூமெலியில் முடியும். மொத்தம் 16 கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரம் செங்குத்தான இறக்கம். மறுநாள் முழங்கால்தான் அதைச் சொல்லும். ஏறக்குறையப் பாதி வழியில் சமாரியா என்ற கைவிடப்பட்ட கிராமம். 1962இல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது அங்கிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். கடைசிப் பகுதியில் பாறைச் சுவர்கள் இரண்டும் மூன்று நான்கு மீட்டருக்கு நெருங்கி வரும். மேலே அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா. 'இரும்புக் கதவுகள்' என்று பெயர். இடையில் க்ரிக்ரி என்ற காட்டாடு வந்து உங்கள் பையை நோட்டமிடும். கொடுக்கக்கூடாது.

ஆயியா ரூமெலிக்குச் சாலை இல்லை. அங்கிருந்து படகில் சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாகியோனுக்கோ போய், பேருந்து பிடிக்கவேண்டும். சாயங்காலப் படகைத் தவறவிட்டால் அன்று ராத்திரி அங்கேதான். அப்படியொன்றும் மோசமான தண்டனை இல்லை. அறை கிடைக்கும், கடலும் இருக்கிறது. ஆனால் கடல் கொந்தளித்தால் படகே வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். அவ்வளவு தூரம் முடியாது என்பவர்களுக்கு இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு: 8 கிலோமீட்டர், கீழே சாலை வந்து சேர்கிறது.

க்னோசோஸ் அரண்மனைக்கு நேரம் ஒதுக்கவேண்டுமா?

ஒதுக்குங்கள். மினோவன் என்ற பண்டைய நாகரிகத்தின் அரண்மனை அது. ஆனால் தனியாக அதை மட்டும் பார்த்தால் ஏமாந்ததுபோல் தோன்றலாம். மினோஸ் கலோகைரினோஸ் என்ற இராக்லியோ வணிகர் 1878இல் முதலில் தோண்டினார். 1900இல் தொடங்கிப் பெரிதாகத் தோண்டியவர் ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர். தோண்டியதோடு நிற்காமல், கான்கிரீட் போட்டுத் தூண்களையும் மாடிகளையும் தன் கற்பனையில் இருந்தபடி எழுப்பிவிட்டார். கீழே குறுகி மேலே அகலும் அந்தச் சிவப்புத் தூண்கள் அவர் கைங்கரியம். இது சரியா தப்பா என்று தொல்லியல்காரர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எனக்கு, எவன்ஸ் இல்லாவிட்டால் அங்கே எதுவுமே புரிந்திருக்காது. எவன்ஸ் இருப்பதால் எது நிஜம் என்று புரியவில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இராக்லியோ தொல்லியல் அருங்காட்சியகம். காளையைத் தாண்டும் ஓவியம், பாம்பேந்திய பெண் உருவம், 1908இல் கிடைத்து இன்னும் யாரும் படித்துச் சொல்லமுடியாத ஃபைஸ்டோஸ் வட்டத்தகடு, எல்லாம் அங்கே. பிறகு க்னோசோஸ். முடிந்தால் மூன்றாவதாக, தெற்கே ஃபைஸ்டோஸ் அரண்மனை. அங்கே கான்கிரீட் இல்லை, கூட்டமும் இல்லை. அகன்ற படிக்கட்டில் உட்கார்ந்தால் கீழே மெசாரா சமவெளி முழுக்க ஆலிவ், எதிரே 2,456 மீட்டர் ப்ஸிலோரிதிஸ் மலை. க்னோசோஸும் ஃபைஸ்டோஸும் உள்ளிட்ட ஆறு மினோவன் இடங்களை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இனி கூட்டம் எப்படியோ, இப்போதே பார்த்துவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இதற்கு நான் நீளமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் முதல் முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முட்டைகூடத் தொடமாட்டார்.

கிரீட்டில் சைவம் என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. கிழக்கத்தியக் கிறிஸ்தவ மரபில் நோன்பு நாள்கள் அதிகம். அந்நாளில் இறைச்சி, பால், முட்டை எல்லாம் விலக்கு. அந்தச் சமையலுக்கு 'நிஸ்திசிமோ' என்று பெயர். கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒன்று கவனம்: நோன்பில் கணவாய், இறால், ஆக்டோபஸ் எல்லாம் அனுமதி. ஆகவே 'தென் த்ரோஓ க்ரேஆஸ், ஊதே ப்ஸாரி, ஊதே தலசினா' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இறைச்சி சாப்பிடமாட்டேன், மீனும் இல்லை, கணவாய், இறால் போன்ற கடலுணவும் இல்லை என்று பொருள்.

என்ன கேட்பது? தாகோஸ்: பார்லி ரஸ்க்கை லேசாக நனைத்து, மேலே துருவிய தக்காளி, மிசித்ரா பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். ஹோர்தா: வேகவைத்த காட்டுக்கீரை, எலுமிச்சை பிழிந்து. முதல் மழைக்குப் பிறகு இதன் சுவையே தனி. அம்மா மூன்று வேளையும் இதையே கேட்டார். புரேகி: சுரைவகைக் காய், உருளைக்கிழங்கு, மிசித்ரா அடுக்கி அடுப்பில் வாட்டியது, ஹானியா பக்கத்துச் சமையல். கெமிஸ்தா: தக்காளியிலும் குடமிளகாயிலும் அரிசி அடைத்தது, சில வீடுகளில் கறியும் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்புக்கு, ஸ்ஃபாகியா ரொட்டி: உள்ளே பாலாடைக்கட்டி வைத்துத் தோசைபோல் வார்த்து, மேலே தேன் ஊற்றித் தருவார்கள்.

பொறி எங்கே இருக்கிறது தெரியுமா? 'கமோபிலாஃபோ'. வெறும் வெண்சோறு மாதிரி, குழைவாக, அப்பாவியாக வரும். அது ஆட்டுக்கறியோ கோழியோ வேகவைத்த சாற்றில் சமைத்த கல்யாணச் சோறு. மறுபடி சோற்றைப் பார்த்த மகிழ்ச்சியில் அம்மா கரண்டியை எடுத்துவிட்டார். பரிமாறிய பாட்டி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு தட்டையே பிடுங்கிக்கொண்டு போனார்.

ராக்கி காய்ச்சுவதைப் பார்க்க முடியுமா?

செப்டம்பரில் திராட்சையைப் பிழிந்து ஒயினுக்கு எடுத்தபின் மிஞ்சும் சக்கையைப் பீப்பாயில் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் புளிக்கவைக்கிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க அதைச் செம்புக் கொப்பரையில் ஏற்றிக் காய்ச்சி வடிப்பார்கள். கொப்பரைக்குக் 'கஸானி' என்று பெயர். மூடியின் விளிம்பில் ஆவி கசியாமல் மாவு பிசைந்து அப்புவார்கள். கீழே ஆலிவ் விறகு எரியும். வடிவது ராக்கி; 'சிக்குதியா' என்றும் சொல்வார்கள்.

இதைத் தொழிற்சாலையாக நினைக்கவேண்டாம். அனுமதி பெற்ற ஒரு கொட்டகை, ஊரார் தம் சக்கையைக் கொண்டுவந்து முறை வைத்துக் காய்ச்சுவார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு நெருப்புச் சாம்பலில் உருளைக்கிழங்கு புதைப்பார்கள், கறி சுடுவார்கள், மாதுளையை உடைத்து வைப்பார்கள், லீரா என்ற நரம்பிசைக் கருவியை யாராவது எடுப்பார். டிக்கெட் கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. தங்கும் விடுதிக்காரரிடமோ கிராமத்துக் காபிக் கடையிலோ 'கஸானி எங்கே?' என்று கேளுங்கள். நான் போனது ரெதிம்னோவுக்குத் தெற்கே ஒரு மலைக்கிராமத்துக்கு. அழைத்துப்போனவருக்கும் எனக்கும் பொது மொழி இல்லை. கொப்பரைக்காரர் சக்கையைக் கிளறிக்கொண்டே என்னிடம் அரைமணி நேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டாம். கோப்பையை உயர்த்தி 'யாமாஸ்' சொல்லிவிட்டுக் கீழே வைத்தால் போதும். குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கொப்பரையில் முதலில் வடிவது மிகக் கடுமை. கார் ஓட்டவேண்டிய ஆள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

அக்டோபர் 28 விடுமுறை என்கிறார்களே?

ஆமாம், 'ஓஹி' நாள், அதாவது 'முடியாது' நாள். 1940இல் அதே நாளில் முசோலினியின் இத்தாலி, கிரேக்க நாட்டுக்குள் படையை விடச் சொல்லிக் கெடு வைத்தது. அன்றைய ஆட்சித் தலைவர் மெதக்சாஸ் மறுத்தார். எல்லா ஊரிலும் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கொடியுமாக அணிவகுத்துப் போவார்கள். கடைகள் மூடியிருக்கும், அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்று நுழைவு இலவசம்.

கிரீட்டில் இதற்கு இன்னொரு கசப்பும் உண்டு. தீவின் படைப்பிரிவு அல்பேனிய எல்லைக்குப் போரிடப் போய், பெருநிலத்திலேயே மாட்டிக்கொண்டது. 1941 மே 20 அன்று ஜெர்மானியப் படை பாராசூட்டில் இறங்கியபோது, நேச நாட்டுச் சிப்பாய்களோடு சேர்ந்து எதிர்த்தவர்களில் கத்தியும் அரிவாளும் ஏந்திய ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அதற்குப் பழியாக ஜெர்மானியர்கள் கிராமங்களை எரித்தார்கள், ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். மலைப்பக்கம் போகும்போது சாலையோரம் பெயர்கள் செதுக்கிய கல் நின்றால் அநேகமாக அதுதான்.

பக்கத்துச் சாந்தோரினி தீவையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம்.

சரி, காரணம்: இராக்லியோவிலிருந்து போகும் வேகப் படகுகள் அக்டோபரில் குறைந்து, பிறகு நின்றுவிடும், காற்றடித்தால் முதலில் ரத்தாவதும் அவைதான். ஒரு நாள் போக, ஒரு நாள் வர, ஒரு நாள் படகு வராமல் உட்கார. அந்த மூன்று நாளில் கிரீட்டின் கிழக்கு முனையையே பார்த்துவிடலாம்: வாய் என்ற இடத்தில் கடலோர ஈச்சந்தோப்பு, சாக்ரோஸ் அரண்மனை, அப்புறம் 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த ஸ்பினலோங்கா கோட்டைத் தீவு. ஸ்பினலோங்காவுக்குப் ப்ளாகா, எலூந்தா ஊர்களிலிருந்து சின்னப் படகுகள், மாதக் கடைசி வரை.

செலவு எவ்வளவு குறையும்?

அறை வாடகையும் கார் வாடகையும் கோடையைவிட நன்றாகவே குறையும். சாப்பாட்டு விலை அப்படியே. பலர் மறப்பது ஒன்று: அறைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று அரசு வசூலிக்கும் காலநிலை நிதிக் கட்டணம். 2025இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் இது பெரும்பாலும் இருக்காது; விடுதியில் கேட்பார்கள். நவம்பர் முதல் குறைவு.

என்ன எடுத்துப்போவது?

நீச்சலுடையும் ஸ்வெட்டரும் ஒரே பையில். மழைக்கோட்டு வையுங்கள்; குடை அந்தக் காற்றில் இரண்டு நிமிடம் தாங்காது. கடற்கரையில் பகலில் 25 டிகிரி இருக்கும் அதே நாள் ராத்திரியில் மலைக்கிராமத்தில் பல் கிட்டிக்கும். பளிங்குபோல் தேய்ந்த தெருக்கற்கள் ஈரத்தில் வழுக்கும், ஆகவே பிடிப்புள்ள செருப்போ ஷூவோ. கடிகாரம் மாறியபின் சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். சின்ன டார்ச் உதவும். கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடவேண்டும், குழாய்கள் குறுகல். தண்ணீர்க் குவளை பழக்கமுள்ளவர்கள் ஒரு காலிப் பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேறென்ன சொல்வது.

கிரேக்க மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

நகரங்களில் ஆங்கிலம் போதும். கிராமத்தில் 'கலிமேரா' என்ற காலை வணக்கமும் 'எஃபஹரிஸ்தோ' என்ற நன்றியும் பாதிக் கதவைத் திறந்துவிடும். இந்தப் பருவத்துக்கென்றே ஒரு வாழ்த்தும் இருக்கிறது: 'கலோ ஹிமோனா', நல்ல குளிர்காலம் அமையட்டும். கோடை முடியத் தொடங்கியதுமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரெதிம்னோவில் நான் அறையைக் காலி செய்த காலையில் விடுதிக்காரம்மா கல்லா மேசை மேல் சாவிகளையெல்லாம் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வருடத்தின் கடைசி ஆள் நான்தான். என் சாவியையும் வாங்கி வரிசையில் வைத்துவிட்டு 'கலோ ஹிமோனா' என்றார். சென்னையில் எனக்கு ஏது குளிர்காலம்! இருந்தாலும் நானும் அதையே திருப்பிச் சொன்னேன். வெளியே அவர் கணவர் ஆலிவ் வலைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போகிற வழிதான் என்று என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்.